மத்த பாஸ்

மௌத்தாகிக் கிடந்த மீராசாவின் வலது கைப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, அதன் நகத்தடியைத் தென்னை ஈர்க்கால் சுரண்டிக்கொண்டிருந்தார் அச்சிமுகம்மது. உள்ளே இறுகியிருந்த கிறீஸ் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நெகத்துக்குள்ள தண்ணி போகணும் காக்கா. இந்தக் கறுப்பு இரிந்தா குளிப்பு நெறவேறாது," என்றார் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஷரிபுதீன் லெப்பை. தண்ணீர் வாளியோடு காத்து நின்றவருக்கு நடுப்பகல் ளுஹர் தொழுகை நேரம் நெருங்குகிற கவலை.

"கொஞ்சம் மண்ணெண்ண தரச் சொல்லுங்க."

லெப்பைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மையத்துக்கு மண்ணெண்ணயா?"

"கராஜ்ல நாங்க அதாலதான் கை கழுவுற."

"அது கராஜ் காக்கா. தேங்காயெண்ண போட்டுப் பாருங்க."

வெள்ளைத் துணி மறைப்புக்கு மேலாக ஒரு கை எண்ணெய்ச் சிரட்டையை நீட்டியது. வீட்டுக்குள்ளிருந்து சுஹறாவின் அழுகை விட்டுவிட்டு வந்தது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து கிணற்றடியில் குந்திய புருசன் அப்படியே சாய்ந்துபோனதை, வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயசு. காய்ச்சல் தடிமன் என்று ஒரு நாள் படுத்தவனல்ல.

எண்ணெய் போட்டதும் கறுப்பு இளகி வந்தது. பெருவிரல் முடிந்து சுட்டுவிரலுக்குப் போனபோது அச்சிமுகம்மது தன்னுடைய நகங்களைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தன. கராஜ் போட்ட பதினேழு வருசத்தில் அவருடைய நகம் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. இந்தக் கறுப்பெல்லாம் ஓவசியர் இராசதுரையின் சிவத்தக் காருடைய கறுப்பு. ஒன்பது நாளாக மீராசா மட்டுமே தொட்ட காரின் கறுப்பு. ஒரு விரலைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது. மௌத்தானவனின் நகத்தழுக்கைப் பார்த்தே எரிச்சல்படுகிறவன் இந்தக் கல்முனையில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் குறையவில்லை.

இருவரும் சகலன்மார். அக்கா ஹாஜறாவை முடித்தவர் அச்சிமுகம்மது, தங்கை சுஹறாவை முடித்தவன் மீராசா. இந்தப் பக்கத்து வழக்கப்படி இருவருமே பெண் வீட்டுக்கு வந்து குடியேறியவர்கள். ஒரே வளவு, இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. மூத்த மகளுக்கு வீடு கட்டும்போது மாமாவின் கை கொஞ்சம் இறுக்கம், கூரைக்குத் தகரம்தான் போட்டார். நாலு வருசம் கழித்து இளையவளுக்குக் கட்டும்போது வெள்ளாண்மை விளைந்து கொட்டியது, ஓடு போட்டார். போன வருசத்துச் சூறாவளி வந்து தகரத்தை அள்ளிக்கொண்டு போய்க் கடற்கரையில் போட்டது. ஓட்டு வீட்டில் ஐந்தாறு ஓடு அசைந்ததோடு சரி. சூறாவளியும் ஆள் பார்த்துத்தான் அடித்திருக்கிறது என்று அச்சிமுகம்மது அன்றைக்கு நினைத்தார். தகரம் போட்டுக் கொடுக்க முதல் ஆளாக ஏணியில் ஏறியவன் மீராசா. அதையும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

கராஜ் அவருடையது. பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவனுக்கு எந்த நட்டுக்கு எந்த ஸ்பனர் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மூன்றே வருசத்தில் ஊர் தலைகீழாக மாறிவிட்டது. சம்மாந்துறையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற போடிமார் உழவு மெசினை இழுத்துக்கொண்டு வருவார்கள். வந்து வாசலில் நின்று, "மீராசா பாஸ் இல்லியா?" என்பார்கள். கைத்தொழில் மேஸ்திரிக்கு இந்தப் பக்கத்தில் பாஸ் என்று பெயர். இல்லை என்றால் முகம் சுருங்கும். "செரி, அப்ப மத்த பாஸுட்டக் குடுத்திட்டுப் போவம்," என்பார்கள். மத்த பாஸ்! கராஜைத் தொடங்கியவருக்கு ஊர் வைத்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயரே பாதிப்பேருக்கு மறந்துபோயிருந்தது.

இந்தச் சிவத்தக் கார்தான் கடைசி அடி. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் வேலை செய்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன எம்.ஜி. கார் அது. மேலே மூடியில்லை, இரண்டே பேர் இருக்கலாம், அடியில் ஒரு கோழி படுத்தால் முட்டும், அவ்வளவு பதிவு. தம்பிலுவில் இராசதுரை ஐயா ஓவசியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அதைத்தான் பிள்ளைபோல வளர்த்தார். மழைத் தண்ணீர் கடக்கிற தாம்போதி ஒன்றில் இறங்கியபோது கல் அடித்து, இஞ்சினுக்கு அடியில் எண்ணெயை ஏந்தி நிற்கிற தட்டு, சம்ப் என்பார்களே, அது கிழிந்துவிட்டது. காரைக் கட்டி இழுத்து வந்தவர் அச்சிமுகம்மதின் முகத்துக்கு நேரேயே சொன்னார், "குறை நினைக்கக் கூடாது. இதில மீராசா மட்டும் கை வைக்கட்டும்." அப்போது மீராசா தலையைக் குனிந்துகொண்டு ஸ்பனர் துடைத்தான். அவன் சிரித்திருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

ளுஹர் தொழுகை முடிந்து, கபன் துணி சுற்றிய மையத்தை உள்ளே வைத்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. முற்றத்துப் பந்தலுக்குள் ஆட்கள் நிறைந்தார்கள். இராசதுரை ஐயா தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டி சால்வையோடு வந்தவருக்கு நடுப்பந்தலில் கதிரை கொடுத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கதைக்கத் தொடங்கினார்.

"அப்பிடியொரு மூளைகாரன இனிக் காண ஏலாது. இந்தக் காருக்குச் சம்ப் எங்க கிடைக்கும்? சூறாவளியில தென்னை விழுந்து நசிஞ்ச மொறிஸ் கார் ஒண்டு அக்கரைப்பற்றில கிடந்தது. அதுட சம்ப்பக் கழட்டிக்கொண்டு வந்திட்டான். நான் கேட்டன், டேய், இது அளவு சரி வருமாடா எண்டு. உள்ளுக்க எண்ணெய உறிஞ்சிற குழாய் ஒண்டு இருக்கு. அதுட வாய் சம்ப்புட அடியில ஒட்டிப்போச்செண்டா எண்ணெ ஏறாது, இஞ்சின் இறுகிச் செத்துப்போகும். பூட்டினாப் பிறகு உள்ளுக்க ஆர் எட்டிப் பாக்கிற? மீராசா என்ன சொன்னான் தெரியுமா?"

பந்தலில் இருந்தவர்கள் தலையை முன்னுக்கு நீட்டினார்கள். ஓரத்தில் நின்ற அச்சிமுகம்மதுவுக்கு அடுத்த வார்த்தை என்னவென்று தெரியும்.

"ரொட்டி மா! குழாய்ட வாயில ரொட்டி மா உருண்டையொண்ட ஒட்டிப்போட்டு, சம்ப்பப் பூட்டித் திரும்பக் கழட்டிப் பாத்தாச் சரி ஐயா எண்டான். மா எவ்வளவு தடிப்புக்கு நசியுதோ, அவ்வளவுதான் உள்ளுக்க இடைவெளி. சீமையில படிச்சவனுக்கும் இந்த யோசனை வருமா?"

"சுப்ஹானல்லாஹ்," என்றார் யாரோ.

அது அச்சிமுகம்மதின் யோசனை. மீராசா இந்த வளவுக்குள் கால் வைக்க இரண்டு வருசத்துக்கு முன்னால், ஒரு நோன்பு மாதத்தில், லொறி இஞ்சின் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு வந்து குந்தியபோது, ஹாஜறா பிசைந்துகொண்டிருந்த மாவில் அவளுடைய விரல் பதிந்ததைப் பார்த்து வந்த யோசனை. ஒரு உருண்டையை அவர் பிய்த்து எடுத்ததற்கு அவள் சத்தம்கூடப் போட்டாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்போல அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. மையத்து வீட்டில், மையத்தின் பெருமையைப் பிடுங்குவது எப்படி? வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு நின்றால் இன்னும் என்னென்ன கேட்க வேண்டிவருமோ என்று பயமாக இருந்தது.

"இரிக்க எடம் காணாம நிக்காங்க. கராஜுல கெடக்கிற நீட்டு வாங்குப் பலகையக் கொண்டாறன்," என்று ஹாஜறாவிடம் சொன்னார்.

"இப்ப நீங்களா போகணும்? ஆரையாச்சும் அனுப்புங்க."

"நான்தான் போகணும்," என்றுவிட்டு வெயிலில் இறங்கினார்.

கராஜ் பிரதான வீதியில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. பலகைக் கதவைத் தள்ளினார். நாலு மரக்குற்றியில் தூக்கி வைத்த சிவத்தக் கார் நின்றது. ஒன்பது நாளாக அதன் பக்கமே போகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தவர், இப்போது பார்க்க ஒருவருமில்லை என்றதும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு மெல்லப் படுத்து அடியில் நுழைந்தார்.

சம்ப் இஞ்சினில் ஏறியிருந்தது. வலது பக்கத்துப் போல்ட் எல்லாம் பூட்டியிருந்தது. இடது பக்கத்தில் ஒரு போல்ட்கூட இல்லை. ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அச்சிமுகம்மதுவுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர் பரவியது. பிழை! ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகிறவன் பாஸா? தட்டு கோணி, எண்ணெய் கசியாமல் நடுவில் வைக்கிற பெக்கிங் வெட்டுப்படாதா? வேலை பழக வந்த முதல் மாதத்திலேயே இரண்டு பக்கமும் மாறி மாறிப் பூட்டச் சொல்லி அவர் மண்டையில் அடித்துச் சொன்ன பாடம். மீராசா பாஸ், மூளைகாரன், சீமைக்காரனைத் தோற்கடித்தவன்! ஓடிப்போய் இராசதுரை ஐயாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, இந்த அடியில் படுக்கவைத்துக் காட்ட வேண்டும்போல இருந்தது. மீராசா வந்த பதின்மூன்று வருசத்தில் அவர் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிழையை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஸ்பனரை எடுத்து வலது பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார். ஒன்றுமே இறுகியிருக்கவில்லை. விரலால் சுற்றினாலே வந்தது. கடைசிப் போல்ட் வந்ததும் சம்ப் தலையில் விழும் என்று இடது கையை ஏந்தினார். விழவில்லை. அது எதிலோ தாங்கி நின்றது. இருட்டுக்குக் கண் பழகியபிறகுதான் பார்த்தார். சம்ப்புக்கு அடியில் மூன்று தென்னங்கட்டை, அதன்மேல் மடித்த சாக்கு, சாக்குக்கு மேல் ஆப்பாக இரண்டு பலகைத் துண்டு. பலகைத் துண்டைக் காலால் தள்ளினால் தட்டு மேலே ஏறும், இழுத்தால் இறங்கும். இன்னொரு ஆள் படுத்துப் பிடிக்க வேண்டிய வேலைக்கு மீராசா செய்துவைத்த ஆள் அது.

பலகைத் துண்டை இழுத்தார். சம்ப் பூப்போல இறங்கியது. மேலே, உறிஞ்சுகுழாயின் வாயில், ரொட்டி மா ஒட்டியிருந்தது. ஓரம் காய்ந்து, நடுவில் நகத்தின் தடிப்புக்கு நசிந்திருந்தது.

இது கடைசிப் பூட்டு இல்லை. அளக்கத்தான் பூட்டியிருக்கிறான். அளப்பதற்கு இறுக்கத் தேவையில்லை. பிழை ஒன்றும் இல்லை.

கையில் அள்ளிய சந்தோசம் அப்படியே ஒழுகிப்போனது. பிறகும் அவர் மல்லாந்தபடியே கிடந்து இடது பக்கத்து வெறும் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளக்கிறதென்றாலும் அந்தப் பக்கத்தில் இரண்டு போல்ட்டாவது போட்டிருக்க வேண்டுமே. ஏன் போடவில்லை?

நேற்று அஸருக்குப் பிறகு மீராசா இதே இடத்தில் படுத்துக்கொண்டு கூப்பிட்டது ஞாபகம் வந்தது. "காக்கா, ஒருக்கா வந்து இதப் புடிங்களன். இடது கை ஏலாமக் கெடக்கு. காலையில இரிந்து தோள் கடுக்குது."

அச்சிமுகம்மது சைக்கிள் டியூப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. "ஒண்ட கையாலதானே செய்யணும் எண்டாங்க. எண்ட கை பட்டா அந்தக் கார் கறுத்துப்போயிரும்," என்றார்.

காருக்கு அடியிலிருந்து மீராசா சிரித்தான். "நீங்களொரு ஆள் காக்கா," என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அச்சிமுகம்மது மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் இப்போது தன் இடது கையை நீட்டி அந்த ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். எட்டியது. சிரமமே இல்லாமல் எட்டியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. ஆனாலும் அந்தக் கட்டையையும் சாக்கையும் ஆப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பதினேழு வருசம் கராஜ் வைத்திருக்கிறவருக்கு இப்படியொரு யோசனை ஒருநாளும் வரவில்லையே என்று அந்த நேரத்திலும் உள்ளே ஒன்று கடித்தது. நோவோடு கிடந்தவன், ஒற்றைக் கையோடு கிடந்தவன், அதிலும் கெட்டிக்காரனாகத்தான் இருந்திருக்கிறான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது ஹாஜறா கேட்டாள், "வாங்கு எங்க?"

அவர் தன் தோளைத் தடவிப் பார்த்தார். வாங்கு கராஜிலேயே கிடந்தது.

"என்ன மனிசன் நீங்க. சட்டையெல்லாம் எண்ண. மாத்திப்போட்டு வாங்க, மையத்து எடுக்கப் போறாங்க," என்று அவள் தாழ்ந்த குரலில் திட்டினாள். அவளுக்கும் அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

சட்டை மாற்றிக்கொண்டு வந்தவரை இராசதுரை ஐயா வேலியோரத்தில் மறித்தார். "காருக்கடியில போனீங்களோ?"

"ஓம்."

"எப்பிடி விட்டிருக்கான்?"

சொல்ல இரண்டு விதம் இருந்தது, அவன் செய்ததைச் சொல்வது, செய்யாததைச் சொல்வது. அவருடைய வாய் சிறியதைத்தான் எடுத்தது. "பாதிதான் செஞ்சிரிக்கான்."

"பாதி எண்டாலும் மீராசாட பாதி," என்றார் ஐயா. பிறகு அவருடைய தோளில் கை வைத்து, "மத்தப் பாதிய நீங்க செஞ்சு தாங்கோ. வேற ஆரிட்டக் குடுக்கிற?" என்றார்.

எத்தனை வருசம் அந்தச் சொல்லுக்காக ஏங்கியிருக்கிறார். வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்தவர்கள் எழும்பிப்போனபிறகு பரிமாறிய சோறு மாதிரி வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பள்ளிவாசல் முற்றம் கொள்ளவில்லை. சம்மாந்துறையிலிருந்து உழவு மெசின் பெட்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாலமுனையிலிருந்து ஒரு பஸ் வந்தது. இராசதுரை ஐயாவோடு வேறு சில தமிழ் ஆட்களும் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். அஸர் முடிந்து ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை கட்டியபோது அச்சிமுகம்மது தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்பது வரிசை. தனக்கு நாலு வருமா? ஊர்க்காரர் கடமைக்கு வந்து நின்றாலும் நாலுக்கு மேல் வராது. எண்ணியதற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

"காக்கா, நீங்கதான் பொருத்தம் கேக்கணும்," என்று லெப்பை அவரை முன்னே தள்ளினார். மீராசாவுக்கு வாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. உறவில் மூத்தவர், மையத்தைச் சுமந்துவந்த சந்தூக்குப் பெட்டியின் பக்கத்தில் நின்று, மௌத்தானவருக்காக ஊராரிடம் பொருத்தம் கேட்பது வழக்கம். பொருத்தம் என்றால் செய்த பிழையை மனம் நிறைந்து விட்டுவிடுவது. அச்சிமுகம்மது இதைப் பலர் கேட்கக் கேட்டிருக்கிறார். இரண்டு வரிதான்.

ஒன்பது வரிசையும் அவரைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜமாஅத்தாரே! இங்க கெடக்கிற எண்ட சகலன் மீராசாவுக்கு... நான் ஏதும் பிழை செஞ்சிரிந்தா... நெனச்சிரிந்தா... அல்லாவுக்காகப் பொருந்திக்கங்க."

 முதல் வரிசையில் யாரோ பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். லெப்பை காதுக்குக் கிட்ட வந்தார்.

"மாறிச் சொல்லிட்டீங்க காக்கா. நீங்க இல்ல. மீராசா. மீராசா நமக்கு ஏதும் பிழை செஞ்சிரிந்தா எண்டு கேளுங்க."

"பாவம், கவலையில மனிசனுக்கு நாக்கு பெசகிட்டு," என்றது ஒரு குரல்.

அச்சிமுகம்மது சொன்னதைச் சொல்லும் பிள்ளைபோல லெப்பையின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். "எண்ட சகலன் மீராசா உங்கள்ல ஆருக்காச்சும் ஏதும் பிழை செஞ்சிரிந்தா, மனம் நோகப் பேசியிரிந்தா, அல்லாவுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டம்!" என்றது முற்றம் முழுவதும், ஒரே குரலாக.

லெப்பை தொழுகைக்குக் கிப்லாத் திசையை நோக்கித் திரும்பினார். வரிசைகள் தோளோடு தோள் நெருங்கின. அச்சிமுகம்மது மட்டும் வரிசைக்கு வரவில்லை. சந்தூக்கின் பக்கம் திரும்பி, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, இன்னும் ஒருவர் பதில் சொல்ல இருக்கிறது என்பதுபோல நின்றுகொண்டிருந்தார். கடைசியில் லெப்பையே வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார்.